வைடூரியத்தின் வெளியூர் மகள்கள்

நவரத்தினங்களைப் பெண் குழந்தைகளுக்குப் பெயராக வைப்பதில் தமிழர்கள் தாராள மனசுக்காரர்கள். அடையாற்றில் அவ்வை இல்லத்தையும் புற்றுநோய் மருத்துவமனையையும் உருவாக்கியவர் முத்துலட்சுமி ரெட்டி. ஸ்ரீபெரும்புதூர் தொகுதியின் எம்.பி.யாக இருந்தவர் மரகதம் சந்திரசேகர். 1934இல் தியாகராஜ பாகவதர் நடித்து வெளிவந்த படம் பவளக்கொடி. 1959இல் சிவாஜியும் பத்மினியும் நடித்தது மரகதம். மாணிக்கம் ஒரு அம்மாளைச் சேர்த்துக்கொண்டு பெண்பால் ஆனது. சென்னை அசோக் நகரின் பழைய அடுக்ககம் ஒன்றில் மாடி ஏறி இறங்கினால், பாட்டிமார்களை வைத்தே பாதி நவரத்தினத்தைச் சேர்த்துவிடலாம். சனீஸ்வரனுக்குரிய நீலம்கூட நீலா என்று சுருங்கிப் பிழைத்துக்கொண்டது. புஷ்பராகத்தை வாசலில் நின்று கூப்பிட்டால் நாக்குச் சுளுக்கும் என்று விட்டிருப்பார்கள்.

வைரத்தை விட்டுவிட்டால் மிச்சம் இரண்டு: கோமேதகமும் வைடூரியமும். இந்தப் பெயர்களில் ஓர் அத்தையையோ சித்தியையோ நான் இதுவரை கண்டதில்லை. சோதிடக் கணக்கில் கோமேதகம் ராகுவுக்கு, வைடூரியம் கேதுவுக்கு. ராசிக்கல் கடையில் வைடூரியம் என்று வாயெடுத்தாலே, "அது எல்லாருக்கும் ஒத்துக்காதுங்க, ஜாதகத்தைக் காட்டிட்டு வாங்க" என்பார்கள். பாம்புக் கிரகத்தின் கல்லைப் பெற்ற பெண்ணுக்குப் பெயராக வைக்க எந்த அப்பாவுக்கு மனசு வரும்? காரணம் இதுதான் என்பது என் ஊகம்.

உள்ளூரில் யாரும் சீந்தாத அந்தப் பெயர் மேற்கே போய் இங்கிலாந்தில் பெரில் ஆனது. கிழக்கே போய் ஜப்பானில் ருரி ஆனது. இரண்டுமே பெண் பெயர்கள். இரண்டுக்கும் வேர் நம் வைடூரியம். அதன் பயணத்தில் ஒரு முக்கியமான வழி, இன்று காளைகளுக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பெயர்போன காங்கயத்தின் பக்கமாகப் போகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இன்று நாம் மோதிரத்தில் பதிக்கும் வைடூரியம், பூனைக்கண் போல நடுவே ஒளிக்கோடு ஓடும் தேன்நிறக் கல். பழைய வைடூரியம் வேறு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கருவூலத்துக்கு வரும் ரத்தினங்களை வகைப்படுத்தும்போது வைடூரியத்தின் நிறங்களாகத் தண்ணீரையும், மூங்கில் இலையையும், கிளி இறகையும், நீலோற்பலத்தையும், வாகைப்பூவையும் சொல்கிறது. கடல்நீர் போன்ற நீலப்பச்சை, தெளிந்த பச்சை, வெளிர்நீலம். இவை எல்லாம் இன்று கனிமவியலில் பெரில் என்று அழைக்கப்படும் கல்லின் நிறங்கள். அந்தக் கல்லில் இரும்பு கலந்தால் கடல்நிறம் வரும். குரோமியம் கலந்தால் மரகதம் ஆகிவிடும். ஆக, மரகதம் என்று பெயர் வைத்துக்கொண்ட பாட்டிகள் தங்களுக்கே தெரியாமல் பழைய வைடூரியத்தின் உடன்பிறப்பைச் சுமந்திருக்கிறார்கள்.

இந்தக் கல் கிடைத்த இடங்களில் ஒன்று படியூர். காங்கயத்திலிருந்து திருப்பூர் போகிற வழியில் இருக்கிறது. அதற்கு வடக்கே, நொய்யல் ஆற்றின் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் பாடிய 67, 74ஆம் பாட்டுகளில் நகைக்குப் பேர்போன கொடுமணம் வருகிறது. அந்த ஊர்தான் இது. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் இங்கே அகழாய்வு செய்தபோது, முழுமையடைந்த மணிகள், பாதி வேலை முடிந்த மணிகள், உடைந்து எறிந்த சில்லுகள் என்று ஒரு கல்பட்டறையின் மொத்த வாழ்க்கையும் வெளியே வந்தது. பெரில், நீலக்கல், படிகம் எல்லாம் சுற்றுவட்டாரத்துச் சரக்கு. சூதுபவளம் மட்டும் குஜராத் பக்கத்திலிருந்து வந்தது. தமிழ்பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகளும் ஏராளம். மேற்குக்கரை முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கருவூருக்குப் போகும் பெருவழியில் அமைந்ததால், கல்லும் காசும் மொழியும் இங்கே கைமாறின.

கல் எங்கிருந்து வருகிறது என்ற சண்டை அப்போதே இருந்தது. பாணினி வைடூரியம் என்ற சொல்லை விதூரம் என்ற ஊரோடு முடிச்சுப் போட்டார். பிறகு வந்த பதஞ்சலி, கல் அங்கே விளைவதில்லை, வாளவாயம் என்ற மலையில் கிடைக்கிறது, விதூரத்தில் பட்டை தீட்டுகிறார்கள், அவ்வளவுதான் என்று திருத்தினார். தன் கட்சிக்குச் சாட்சியாக வியாபாரிகளையும் இழுத்தார்: வாரணாசிக்கு அவர்கள் தங்களுக்குள் வேறு பெயர் வைத்து அழைப்பதில்லையா? வணிகர்களின் குழூஉக்குறியை ஆதாரமாகக் காட்டி இலக்கணம் எழுதியது அழகான காட்சி. இன்றைய மொழியியலாளர்களில் பலர், இந்தச் சொல்லுக்கு வடமொழி வேர் தேடிப் பயனில்லை, தெற்கத்திய வேர்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். வெள், வெளிறு என்ற நம் சொற்களைக் காட்டுகிறார்கள் சிலர். வேலூர், பேலூர் போன்ற ஊர்ப்பெயரைக் காட்டுகிறார்கள் வேறு சிலர்.

பாலியில் அது வேளுரியம். தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சுத்தத்தில் புத்தர் தெளிந்த அறிவுக்கு உவமை சொல்ல இந்தக் கல்லைத்தான் எடுக்கிறார்: எட்டுப் பட்டை தீட்டிய மாசற்ற வேளுரியம், உள்ளே கோத்த நூலின் நிறம் வெளியே தெரிகிறது. துளையிட்டு நூல் கோத்த மணி என்பதைக் கவனியுங்கள். கொடுமணல் பட்டறைகளில் நடந்ததும் அதே வேலை.

பிராகிருதத்தில் ரகரமும் லகரமும் இடம் மாறி வேருலியம் ஆனது. அதை மாலுமிகள் வாயிலிருந்து கேட்ட கிரேக்கர்கள் பெருல்லோஸ் என்றார்கள். ரோமானியர்கள் கடைசி எழுத்தைத் தங்கள் பாணிக்கு மாற்றி பெருல்லுஸ் ஆக்கினார்கள். கி.பி. 77இல் தன் பெரிய கலைக்களஞ்சியத்தை முடித்த பிளினி, இந்தக் கல் இந்தியாவில்தான் கிடைக்கிறது, வேறு இடங்களில் அரிது என்று எழுதிவைத்தார். அறுகோணமாகப் பட்டை தீட்டினால்தான் மங்கிய நிறம் உயிர்பெறும் என்றும் சொன்னார். இந்தியர்களுக்கு நீளநீளமான கற்கள் மேல் மோகம்; தங்கத்தில் பதிக்கத் தேவையே இல்லாத ஒரே ரத்தினம் என்று பெருமையடிக்கிறார்கள்; துளைபோட்டு யானைமுடியில் கோத்து அணிகிறார்கள் என்றும் குறித்தார். யானைமுடி மோதிரத்துக்கு இன்னும் கிராக்கி இருக்கிற நாட்டில் இதைப் படித்தால் சிரிப்பு வரும். இரண்டாம் நூற்றாண்டில் தாலமி வரைந்த புவியியல் நூல், பெருல்லோஸ் கிடைக்கும் புன்னாடு என்று தனியே ஓர் ஊரைக் குறிக்கிறது. அது தென்கர்நாடகத்தின் பகுதி. கொங்குக்கு அக்கம்பக்கம்தான்.

பிளினி போகிறபோக்கில் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தியர்கள் படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் போலி ரத்தினங்கள் செய்கிறார்கள், அதிலும் முக்கியமாகப் போலி பெருல்லுஸ் செய்கிறார்கள் என்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே வெளிநாட்டுக்காரர் எச்சரிக்கை எழுதுகிற அளவுக்கு நம் டூப்ளிகேட் தொழில் வளர்ந்திருந்தது. கொங்குநாட்டில் வெள்ளலூரிலும் கரூரிலும் புதையல் புதையலாக ரோமானியக் காசு கிடைத்திருக்கிறதே, அதில் எவ்வளவு அசலுக்கு வந்தது, எவ்வளவு சாயத்துக்கு வந்தது என்று அந்த வெள்ளிக் காசுகளுக்கே வெளிச்சம்.

கிழக்குப் பயணம் இதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. கி.மு. 141 முதல் 87 வரை ஆண்ட ஹான் பேரரசர் ஊ-வின் தூதர்கள் கப்பலேறி ஹுவாங்-சி என்ற நாட்டுக்கு வந்து முத்தும், பி-லியுலி என்ற கல்லும், அதிசயப் பொருள்களும் வாங்கிப்போனதாக ஹான் வரலாறு சொல்கிறது. அந்த ஹுவாங்-சி காஞ்சிபுரம்தான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பி-லியுலி என்பது வேளுரியத்தைச் சீன நாக்கு உச்சரித்த விதம். கொஞ்ச காலத்தில் முன்னால் இருந்த பி உதிர்ந்து வெறும் லியுலி ஆனது.

அடுத்து நடந்தது ஒரு நகலெடுப்புக் கதை. ஐந்தாம் நூற்றாண்டின் முதற்பாதியில், வட வேய் அரசின் தலைநகருக்கு யுவேசி நாட்டு வணிகர்கள் வந்தார்கள். கல்லை உருக்கிப் பலநிற லியுலி வார்த்துக் காட்டுகிறோம் என்றார்கள். மலையிலிருந்து தாது எடுத்து, தலைநகரிலேயே உலை மூட்டி, மேற்கிலிருந்து வந்ததைவிடப் பளபளப்பாகச் செய்தும் காட்டினார்கள். அது கண்ணாடி என்பது சொல்லாமலே விளங்கும். அன்றிலிருந்து லியுலி மலிந்துபோய், யாரும் அதை ரத்தினமாக மதிக்கவில்லை என்று வேய் வரலாறு அங்கலாய்க்கிறது. பிற்பாடு அந்தச் சொல் மெருகேற்றிய ஓட்டுக்கும் பெயரானது. பெய்ஜிங் அரண்மனைக் கூரைகளில் மின்னும் மஞ்சள் ஓடுகள் லியுலி ஓடுகள். அவற்றைச் சுட்ட சூளை இருந்த லியுலிசாங் தெருவில் இப்போது பழம்புத்தகமும் கலைப்பொருளும் விற்கிறார்கள்.

சந்தையில் மதிப்பிழந்த சொல்லைக் கோயில் காப்பாற்றியது. மகாயான பௌத்தத்தின் மருத்துவ புத்தருக்கு வைடூரியப் பிரபை என்று பெயர். அவருடைய கிழக்குலகம் வைடூரியத்தால் ஆனது. சூத்திரங்கள் சீனம் வழியாக ஜப்பானுக்குப் போனபோது லியுலி ருரி ஆனது. கல்லும் மாறிப்போனது. ஜப்பானியர்களின் மனத்தில் ருரி என்றால் ஆழ்ந்த நீலம், ஆப்கானிஸ்தான் நீலக்கல்லின் நிறம். நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் ருரிக் கோப்பை என்று காட்டப்படுவது நீலக் கண்ணாடி. நீலநிற ஈப்பிடிப்பான் பறவை ஒன்றுக்கு ஓ-ருரி, அதாவது பெரிய ருரி என்று பெயர்.

இங்கேதான் கல் முதன்முதலாகப் பெண் ஆகிறது. 15ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் ஒரு காதல்கதை ஊர் ஊராகப் பாடப்பட்டது. பிள்ளையில்லாத தம்பதி மருத்துவ புத்தரை வேண்டிப் பெற்ற மகளுக்கு, அவருடைய தூய வைடூரிய உலகின் பெயரையே வைத்தார்கள்: ஜோருரி. பழனியில் வேண்டிக்கொண்டு பிறந்தவனுக்குப் பழனிசாமி என்று பெயர் வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. அந்த ஜோருரி இளவரசி, போர்வீரன் யோஷித்சுனேயை அவன் இளைஞனாக இருந்தபோது காதலித்த கதை அவ்வளவு புகழ்பெற்றதால், கதைப்பாட்டு வடிவத்துக்கே ஜோருரி என்று பெயராகிவிட்டது. பிறகு பொம்மைகள் சேர்ந்தன, ஷாமிசென் வாத்தியம் சேர்ந்தது. இன்று உலகம் பன்ராகு என்று அறிந்திருக்கும் பொம்மலாட்டத்தின் பழம்பெயர் நிங்யோ ஜோருரி. ருரி என்ற பெயருள்ள பெண்களை ஜப்பானில் இன்றும் சகஜமாகப் பார்க்கலாம்.

மேற்கில் பெயர் பெண்ணைச் சேர வெகுகாலம் ஆனது. அதுவரை அது பைபிளில் தங்கியிருந்தது. யாத்திராகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில், ஆரோனின் மார்ப்பதக்கத்துக் கற்களில் ஒன்றாக வருகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் புதிய எருசலேமின் எட்டாவது அஸ்திவாரக் கல் அதுதான். நல்ல தெளிவான கண்ணாடி கிடைக்காத இடைக்கால ஐரோப்பாவில், துறவிகள் பெரிலையும் படிகத்தையும் தேய்த்து எழுத்தின் மேல் வைத்துப் படித்தார்கள். இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூக்குக்கண்ணாடி பிறந்தது. ஜெர்மானியர்கள் அதற்குப் பெரிலின் பெயரையே வைத்து, இன்றுவரை மூக்குக்கண்ணாடியை பிரில்ல என்கிறார்கள். 1458இல் கூசாவின் நிக்கோலஸ் என்ற கர்தினால், கண்ணுக்குத் தெரியாததைக் காண்பது பற்றி எழுதிய தத்துவ நூலுக்கு வைத்த தலைப்பு பெரில். புத்தரும் கர்தினாலும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே கல்லை எடுத்து அறிவுக்கு உவமையாக்கியிருக்கிறார்கள்.

1798இல் பாரிசில் வோக்லான் என்ற வேதியியலாளர் பெரிலும் மரகதமும் ஒன்றே என்று நிறுவி, அவற்றுக்குள் ஒரு புதிய தனிமம் ஒளிந்திருப்பதையும் கண்டார். அதன் உப்புகள் இனித்தன. நச்சுப்பொருள் என்று தெரியாமல் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதனால் பிரெஞ்சுக்காரர்கள் வெகுகாலம் அதை இனிப்பு என்று பொருள்படும் குளூசினியம் என்றே அழைத்தார்கள். ஜெர்மானியர்கள் சூட்டிய பெரிலியம் கடைசியில் வென்றது. அந்தச் சமயத்தில், 1819–20 ஆண்டுகளில், படியூரில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பழைய சுரங்கத்தைத் தோண்டி 2,000க்கும் மேற்பட்ட கற்களை எடுத்தார். மதிப்பு சுமார் 1,200 பவுன். வைடூரியத்தின் பழைய ஊர் கடைசியாக ஒருமுறை கணக்குப் புத்தகத்தில் தலைகாட்டியது அப்போதுதான்.

நம் நாட்டில் இதற்குள் வைடூரியம் என்ற பெயரைப் பூனைக்கண் முழுதாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. இந்த மாற்றம் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை ரத்தினக்கடைத் தெரு வருகிறது. அங்கே தெளிந்த தேன்நிறமாகச் சொல்லப்படுவது வைடூரியம் என்கிறார்கள் உரைகாரர்கள். பூனைக்கண்ணுக்கும் யோகம் அடித்தது. 1879இல் விக்டோரியா ராணியின் மகன் கன்னாட் கோமகன் தன் நிச்சயதார்த்தத்துக்குப் பூனைக்கண் மோதிரம் கொடுத்தார். இலங்கைக் கல்லுக்கு லண்டனில் திடீர் கிராக்கி ஏற்பட்டது. வேடிக்கை என்னவென்றால், கனிமவியலில் அந்தப் பூனைக்கண்ணின் பெயர் கிரைசோபெரில். பெரிலுக்கும் அதற்கும் வேறு உறவு பெரிதாக இல்லை. பெயர் மட்டும் மறுபடியும் வந்து ஒட்டிக்கொண்டது.

அதே விக்டோரியா காலத்தின் பிற்பகுதியில்தான் ஆங்கிலேயத் தாய்மார்கள் நகைப்பெட்டியைத் திறந்து மகள்களுக்குப் பெயர் தேடினார்கள். ரூபி, பேர்ல், ஓபல், ஆம்பர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கூடவே பெரிலும் வந்தது. கோனன் டாயில் இந்தப் பெயரை எப்படிப் பயன்படுத்தினார் என்பதிலேயே மாற்றத்தைப் பார்க்கலாம். 1892இல் அவர் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் பெரில் கல். 39 கற்கள் பதித்த கிரீடத்திலிருந்து மூன்று காணாமல் போகின்றன. 1901இல் தொடங்கிய பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையிலோ பெரில் ஒரு பெண், அதுவும் கோஸ்டாரிகாவிலிருந்து வந்த அழகி.

1920களிலும் 30களிலும் இங்கிலாந்துப் பள்ளிகளில் பெரில்களுக்குப் பஞ்சமில்லை. கென்யாவில் வளர்ந்த பெரில் மார்க்கம் 1936இல் அட்லாண்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்காகத் தனியே விமானத்தில் கடந்த முதல் பெண். கனடாவின் நோவா ஸ்கோஷியாச் சதுப்பில் மூக்குக் குத்தி இறங்கி உயிர் பிழைத்தார். 1932இல் பிறந்த பெரில் பெய்ன்பிரிட்ஜ் ஐந்து முறை புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போய் ஐந்து முறையும் வெறுங்கையோடு திரும்பினார். எனக்குப் பிடித்தவர் சைக்கிள் வீராங்கனை பெரில் பர்ட்டன். 1967இல் 12 மணி நேரப் போட்டியில் அவர் ஓட்டிய தூரம் 277.25 மைல். அன்று அதே சாலையில் ஆண்கள் பிரிவில் புதிய சாதனை படைத்துக்கொண்டிருந்த மைக் மெக்நமாராவையும் தாண்டிப் போனார். தாண்டும்போது சட்டைப்பையிலிருந்து ஓர் அதிமதுர மிட்டாயை எடுத்து நீட்டினார். அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பெண்களில் அந்தத் தூரத்தை இன்னொருவர் மிஞ்ச 2017 வரை ஆனது.

பெயர் ஒரு வட்டமடித்துத் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அசோக் நகரில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிலையம் பரங்கிமலை. அங்கேயும் பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளிலும் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் பெரில் ஆன்ட்டிகள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தொப்பி வைத்துப் போன அவர்களுக்கு, தங்கள் பெயர் கொங்குநாட்டு மண்ணைத் தொட்டுவிட்டு ரோம், லண்டன் சுற்றி மெட்ராஸ் வந்து இறங்கியது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு மரகதத்தோடு தூரத்து உறவு என்றும் தெரிந்திருக்காது.

இங்கிலாந்தில் பெயரின் மவுசு குறைந்ததில் பெரில் த பெரில் என்ற சித்திரக்கதைக்கும் ஒரு பங்கு உண்டென்று நினைக்கிறேன். 1953இல் தொடங்கிய அந்தத் தொடரின் நாயகி, அப்பாவை அழவைக்கும் அடங்காப்பிடாரி. ஆபத்து என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல் பெரிலோடு எதுகையாக வாய்த்ததால் வந்த வினை. தலைமுறை மாறியதும் பெரில் பாட்டிப் பெயராகிவிட்டது. நம்மூர் மரகதத்துக்கும் அதே கதிதானே.

தனிமத்துக்கு மட்டும் மூப்பு வரவில்லை. 2021 டிசம்பர் 25இல் விண்ணுக்குப் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதன்மை ஆடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. ஒவ்வொன்றும் பெரிலியம், மேலே தங்கப் பூச்சு. இந்தக் கல்லுக்குத் தங்கம் வேண்டாம் என்றார்கள் பிளினி காலத்து இந்தியர்கள். அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

பெண் பெயருக்கு வந்த கடைசிச் செய்தி அவ்வளவு நல்லதல்ல. அட்லாண்டிக் புயல்களுக்கு ஆறு ஆண்டுக்கு ஒருமுறை சுழலும் பெயர்ப்பட்டியலில் பெரில் வெகுநாளாக இருந்தது. அந்தப் பெயர் பெற்ற புயல் 2024 ஜூலை முதல் தேதி கிரெனடாவின் கரியாக்கூ தீவைச் சூறையாடி, அடுத்த நாள் ஐந்தாம் வகைப் புயலாக உருவெடுத்தது. அந்தக் கடலில் பதிவான வரலாற்றிலேயே ஆண்டின் இவ்வளவு முற்பகுதியில் அந்த வகையை எட்டிய புயல் வேறில்லை. இவ்வளவு அழிவு செய்த பெயரை மறுபடி வைப்பதில்லை என்பது வழக்கம். 2025இல் உலக வானிலை அமைப்பு பெரிலை நீக்கிவிட்டு, 2030ஆம் ஆண்டுப் பட்டியலுக்கு பிரியானா என்று புதுப்பெயர் சூட்டியிருக்கிறது. அசோக் நகரில் இதைப் படிக்கும் பிரியாக்கள் கவலைப்பட வேண்டாம். அவர்களுக்கும் அந்தப் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.